பெர்ட் பெல்

பெர்ட் பெல் எனப் பரவலாக அறியப்படும் டி பென்னவில் பெல் (பிப்ரவரி 25, 1895 – அக்டோபர் 11, 1959) அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர், பயிற்சியாளர், அணி உரிமையாளர் மற்றும் நிர்வாகி ஆவார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை நிறுவியவர்களுள் ஒருவர். 1946 முதல் இறக்கும் வரை அமெரிக்கத் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (சுருக்கமாக என்.எஃப்.எல்.) ஆணையராகப் பணியாற்றினார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் "டிராஃப்ட்" முறையை முன்மொழிந்தவர் இவரே. ஓர் அணி தன் சொந்த ஊரில் ஆடும் ஆட்டத்தை அவ்வூர்த் தொலைக்காட்சியில் காட்டாமல் மறைக்கும் உள்ளூர் ஒளிபரப்புத் தடையை நிலைநிறுத்தியவரும் இவரே. முதலாவது முறை இன்றும் போற்றப்படுகிறது. இரண்டாவது, இரசிகர்களால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடிந்துகொள்ளப்பட்டது. இவ்விரண்டும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை என்பது இவரது வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

இக்கட்டுரையில் காற்பந்தாட்டம் எனக் குறிப்பிடப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையால் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஆகும். உலகின் பிற பகுதிகளில் காலால் உதைத்து ஆடப்படும் காற்பந்தாட்டம் வேறு.

இளமைக்காலம்

பெல் பிலடெல்பியா நகரின் செல்வாக்கு மிக்க குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜான் பெல் பென்சில்வேனியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகப் பதவி வகித்தவர். அண்ணன் ஜான் பெல் (இளையவர்) 1947இல் சில நாட்கள் அம்மாநில ஆளுநராகவும், பின்னர் மாநில உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் பெல்லின் நாட்டம் முழுவதும் விளையாட்டிலேயே இருந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவர், அதன் அணியில் குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டத்தை வழிநடத்தும் இடத்தில் ஆடினார். 1917ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று நடைபெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்தில் இவரது அணி ஒரிகன் பல்கலைக்கழகத்திடம் 14–0 என்ற கணக்கில் தோற்றது. முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவு ஒன்றில் சேர்ந்து பிரான்சில் பணிபுரிந்தார். போர் முடிந்து திரும்பி 1919இல் பல்கலைக்கழக அணியின் தலைவரானார். ஆயினும் பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

1920களில் அதே பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் பெருந்தொகையை இழந்தார். 1934 ஜனவரியில் பிராட்வே நாடக நடிகையான பிரான்சஸ் அப்டனை மணந்தார். அணி வாங்கத் தேவைப்பட்ட பணத்தில் ஒரு பகுதியைத் திருமணத்திற்கு முன்பே தந்து உதவியவர் பிரான்சஸ்தான்.

அணி உரிமையாளர்

1933ஆம் ஆண்டில் பெல்லும், அவருடன் கல்லூரியில் ஆடிய லட் ரேயும் சேர்ந்து, செயலிழந்து போயிருந்த பிராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் அணியின் உரிமத்தைப் பெற்றனர். அப்போது ரூசவெல்ட் அரசின் பொருளாதார மீட்புத் திட்டத்திற்கு நீலக் கழுகு சின்னமாக இருந்தது. அதை ஒட்டிப் புதிய அணிக்கு ஈகிள்ஸ், அதாவது கழுகுகள், எனப் பெயரிட்டனர்.

அக்காலத்தில் பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டுப் போட்டிகளை நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. வாரம் முழுவதும் உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. ஆகவே இத்தடை நீங்காமல் தொழில்முறை அணி ஒன்று நிலைப்பது அரிது. 1933 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பிலடெல்பியா மக்கள் ஞாயிறு ஆட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தனர். அடுத்த ஞாயிறே ஈகிள்ஸ் அணி சிகாகோ பேர்ஸ் அணியுடன் மோதி 3–3 என்று சமன் செய்தது.

ஆனால் அணியின் நிலை மோசமாகவே இருந்தது. முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் 56–0 என்று தோற்றிருந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 90,000 டாலர் நட்டம் ஏற்பட்டது. 1936இல் அணி பொது ஏலத்துக்கு வந்தபோது பெல் 4,500 டாலருக்கு ஏலம் எடுத்துத் தனி உரிமையாளர் ஆனார். பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாததால் தாமே பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். நுழைவுச்சீட்டு விற்பதும் விளம்பரம் செய்வதும் அவர் வேலையாகவே இருந்தன. 1936 முதல் 1940 வரை இவரது பயிற்சியில் ஈகிள்ஸ் அணி 10 ஆட்டங்களில் வென்று, 44இல் தோற்று, 2இல் சமன் செய்தது.

வீரர் தெரிவு முறை

அன்றைய நடைமுறையில் கல்லூரிப் படிப்பை முடித்த வீரர் தாம் விரும்பிய எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதனால் பணமும் பெயரும் உள்ள சிகாகோ, நியூயார்க் போன்ற அணிகளே சிறந்த வீரர்களைப் பெற்றன. அவை வென்றன. வென்றதால் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் மேலும் செலவு செய்ய முடிந்தது. கீழே இருந்த அணிகளுக்கு இதே வட்டம் தலைகீழாகச் சுழன்றது. மினசோட்டா பல்கலைக்கழக வீரர் ஸ்டான் காஸ்ட்காவை ஒப்பந்தம் செய்ய முயன்ற பெல், புரூக்ளின் அணியுடனான போட்டியில் அவரை இழந்தார். இவ்வட்டத்தை உடைக்காமல் கூட்டமைப்பு பிழைக்காது என்ற முடிவுக்கு வந்தார்.

1935 மே மாதம் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில் பெல் தம் திட்டத்தை முன்வைத்தார். கல்லூரி வீரர்களின் பட்டியலிலிருந்து அணிகள் சுற்றுமுறையில் வீரர்களைத் தெரிவு செய்ய வேண்டும். முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. சிகாகோவின் ஜார்ஜ் ஹாலசும் நியூயார்க்கின் டிம் மாராவும் இதனால் இழக்கக்கூடியவர்களாக இருந்தும் ஒப்புக்கொண்டனர்.

முதல் தெரிவு 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் நடைபெற்றது. ஒன்பது அணிகள் ஒன்பது சுற்றுகளில் 81 வீரர்களைத் தெரிவு செய்தன. கடைசி இடத்தில் இருந்த ஈகிள்ஸ் அணிக்கே முதல் வாய்ப்பு கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரைப் பெல் தெரிவு செய்தார். ஆனால் அவர் கேட்ட ஊதியத்தை இவரால் தர இயலவில்லை. உரிமை சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டது. அங்கும் உடன்பாடு ஏற்படாமல் பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஆடாமலே விலகினார். முறையை உருவாக்கியவருக்கே அதன் முதல் பலன் கிட்டவில்லை.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு வீரரிடம் ஒரே அணிதான் பேச முடியும் என்பதால் அவரது பேரம் பேசும் வலிமை குறைந்தது. ஏழை அணிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையில் ஒரு பங்கை வீரர்களே செலுத்தினர் எனலாம்.

பிட்ஸ்பர்க் அணி

1940–41இல் பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளர் ஆர்ட் ரூனி தம் அணியை அலெக்சிஸ் தாம்ப்சன் என்ற இளம் செல்வந்தருக்கு விற்றுவிட்டு, ஈகிள்ஸ் அணியில் பெல்லுடன் பங்குதாரரானார். சில மாதங்களில் இரு தரப்பும் ஊர்களை மாற்றிக்கொண்டன. தாம்ப்சன் பிலடெல்பியாவுக்கு வர, பெல்லும் ரூனியும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர்கள் ஆயினர். 1941இல் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றதும் பெல் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். போர்க்கால ஆள் பற்றாக்குறையால் ஸ்டீலர்ஸ் 1943இல் ஈகிள்ஸ் அணியுடனும், 1944இல் சிகாகோ கார்டினல்ஸ் அணியுடனும் இணைந்து ஆடியது.

ஆணையர் பதவி

1946 ஜனவரி 11 அன்று எல்மர் லேடனுக்குப் பதிலாகப் பெல் ஆணையராகத் தெரிவு செய்யப்பட்டார். ஸ்டீலர்ஸ் அணியில் தமக்கிருந்த பங்கை விட்டுக்கொடுத்தார். தலைமை அலுவலகம் சிகாகோவிலிருந்து பிலடெல்பியாவின் புறநகரான பாலா கின்விட்டுக்கு மாற்றப்பட்டது.

பதவியேற்ற ஆண்டிலேயே இரு சோதனைகள் வந்தன. முதலாவது, டிசம்பரில் நடந்த இறுதிப் போட்டிக்கு முன் நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்களான மெர்ல் ஹேப்ஸ், பிராங்க் ஃபில்சாக் ஆகியோரைச் சூதாட்டக்காரர் ஒருவர் அணுகியது. இவ்விருவரும் பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இரண்டாவது, அனைத்து அமெரிக்கக் காற்பந்து மாநாடு என்ற போட்டிக் கூட்டமைப்பு தோன்றியது. வீரர்களுக்காக இரு தரப்பும் ஏலம் கேட்கும் நிலை உருவாக, சம்பளங்கள் உயர்ந்தன. இரு பக்கமும் அணிகள் நட்டத்தில் மூழ்கின. 1949 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டு, கிளீவ்லாந்து பிரவுன்ஸ், சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் ஆகிய மூன்று அணிகள் என்.எஃப்.எல். அமைப்பில் சேர்ந்தன.

ஆட்ட அட்டவணையைப் பெல் தம் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து தாமே தயாரிப்பார். பருவத்தின் தொடக்கத்தில் வலிய அணிகள் வலிய அணிகளுடனும், மெலிந்த அணிகள் மெலிந்த அணிகளுடனும் மோதுமாறு அமைப்பார். இதனால் பருவத்தின் பிற்பகுதி வரை பல அணிகளுக்கு வாய்ப்பு நீடிக்கும். இரசிகர்களும் அரங்கை விட்டு விலகமாட்டார்கள்.

உள்ளூர் ஒளிபரப்புத் தடை

தொழில்முறைக் காற்பந்தாட்டம் முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1939 அக்டோபர் 22 அன்று புரூக்ளினில் ஆகும். அந்த ஆட்டத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியிடம் தோற்றது பெல்லின் ஈகிள்ஸ் அணியே. அப்போது நியூயார்க்கில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் மிகச் சிலவே. பத்தே ஆண்டுகளில் நிலைமை முற்றிலும் மாறியது.

1950இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி சொந்த ஊர் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. நுழைவுச்சீட்டு வருமானம் குறைந்தால் விளம்பரம் தரும் தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனம் ஈடு செய்யும் என்பது ஒப்பந்தம். அவ்வாண்டு அணி சிறப்பாக ஆடியும் அரங்குக்கு வந்தோரின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1951இல் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதும் கூட்டம் திரும்பியது. பெல்லின் கண்ணில் இது ஒரு சோதனையின் முடிவாகவே பட்டது. அன்றைய அணிகளின் முதன்மை வருமானம் நுழைவுச்சீட்டே. வீட்டில் இலவசமாகக் கிடைப்பதை அரங்கில் காசு கொடுத்து வாங்க மக்கள் வரமாட்டார்கள் என்பது இவரது வாதம்.

கூட்டமைப்பின் விதிப்படி, ஒவ்வோர் அணிக்கும் அதன் நகரத்தைச் சுற்றி 75 மைல் (ஏறத்தாழ 120 கி.மீ.) எல்லை உரியது. அணி சொந்த ஊரில் ஆடும் நாளில் பிற அணிகளின் ஆட்டங்களையும் அவ்வெல்லைக்குள் ஒளிபரப்பக் கூடாது. அணி வெளியூரில் ஆடி, அவ்வாட்டம் உள்ளூரில் காட்டப்படும் நாளிலும் பிற ஆட்டங்களுக்குத் தடை இருந்தது.

1951 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை இவ்விதிகள் வணிகப் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று வழக்குத் தொடுத்தது. 1953 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் நீதிபதி ஆலன் கிரிம் தீர்ப்பளித்தார். பிற வணிகங்களில் போட்டியாளர் அழிந்தால் எஞ்சியவருக்கு இலாபம். ஆனால் விளையாட்டில் எதிரணி அழிந்தால் ஆட்டமே இல்லை. எனவே மெலிந்த அணிகளின் நுழைவுச்சீட்டு வருமானத்தைக் காக்க, அணி சொந்த ஊரில் ஆடும் நாளில் பிற ஆட்டங்களைத் தடுப்பது நியாயமானது என்று அவர் முடிவு செய்தார். அணி வெளியூரில் இருக்கும் நாளில் காக்க வேண்டிய வருமானம் எதுவும் இல்லை என்பதால் அத்தடையும், வானொலித் தடைகளும் செல்லாது என்றார். ஒளிபரப்புகள் மீது ஆணையருக்கு இருந்த வரம்பற்ற அதிகாரத்தையும் நீக்கினார்.

இதன் பின்னர் பெல் வகுத்துக்கொண்ட கொள்கை எளிமையானது: வெளியூர் ஆட்டங்களை ஊர் முழுவதும் பார்க்கட்டும், சொந்த ஊர் ஆட்டத்தை அரங்கில் மட்டுமே பார்க்கட்டும். வெளியூர் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய மக்கள் அடுத்த வாரம் சீட்டு வாங்கினர். 1950களில் பார்வையாளர் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்தது.

பால்டிமோரும் 1958 இறுதிப் போட்டியும்

பால்டிமோர் கோல்ட்ஸ் அணி 1950ஆம் ஆண்டுப் பருவத்துடன் கலைக்கப்பட்டது. மீண்டும் அணி வேண்டும் என்று அந்நகர் கோரியபோது, ஆறு வாரங்களுக்குள் 15,000 பருவச் சீட்டுகளை விற்றுக் காட்ட வேண்டும் என்று 1952 இறுதியில் பெல் நிபந்தனை விதித்தார். நகர மக்கள் கெடுவுக்கு முன்பே விற்று முடித்தனர். கல்லூரியில் தம்மிடம் பயிற்சி பெற்ற கரோல் ரோசன்புளூமை அணியின் உரிமையாளராக வருமாறு பெல் இணங்க வைத்தார். 1953இல் அணி களமிறங்கியது.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் இதே பால்டிமோர் அணி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியைச் சந்தித்தது. ஆட்டம் 17–17 எனச் சமனில் முடிய, முதலில் புள்ளி எடுப்பவரே வெற்றியாளர் என்ற கூடுதல் நேர விதி இறுதிப் போட்டி ஒன்றில் முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. பால்டிமோர் 23–17 என்று வென்றது. நாடெங்கும் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் இதைத் தொலைக்காட்சியில் கண்டதாகக் கணிக்கப்படுகிறது. ஆனால் ஆட்டம் நடந்த நியூயார்க் நகரில் ஒளிபரப்பு இல்லை. பால்டிமோர் இரசிகர் வீட்டிலிருந்தே தம் அணியின் வெற்றியைக் கண்டார். சீட்டு கிடைக்காத நியூயார்க் இரசிகர் வானொலியை நம்பியிருந்தார். இவ்வாட்டமே இவ்விளையாட்டை நாடு தழுவிய தொலைக்காட்சி நிகழ்வாக மாற்றியதாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

ஒளிபரப்புத் தடை குறித்த விவாதம் பெல்லின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அணி பிழைத்தால்தான் ஆட்டம் என்பது ஒரு தரப்பின் வாதம். இரசிகர்களின் எதிர்வாதம் வேறு. சீட்டு வாங்க வசதியற்றவரும், முதியவரும், நோயுற்றவரும் தடையால் முற்றிலும் விலக்கப்பட்டனர். எல்லாச் சீட்டுகளும் விற்றுவிட்ட ஆட்டத்தையும் மறைப்பதற்கு வருமானப் பாதுகாப்பு என்ற காரணம் பொருந்தவில்லை. மேலும், தடை இரசிகருக்கு மட்டுமே கடமையை விதித்தது. நல்ல வீரர்களுக்குச் செலவு செய்யும் கடமை எதையும் உரிமையாளருக்கு விதிக்கவில்லை.

இக்கடைசி வாதத்திற்குப் பிற்கால எடுத்துக்காட்டாக டாம்பா பே பக்கனியர்ஸ் அணியைச் சொல்வதுண்டு. அதன் உரிமையாளர் ஹியூ கல்வர்ஹவுஸ் செலவில் கஞ்சத்தனம் காட்டுபவர் என்று விமர்சிக்கப்பட்டார். 1983இல் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ் ஊதியத் தகராறில் அணியை விட்டு விலகினார். அவ்வாண்டு தொடங்கி 14 பருவங்கள் தொடர்ந்து அந்த அணி வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் பெற்றது. அரங்கு நிரம்பாததால் உள்ளூர் ஆட்டங்கள் பல தொலைக்காட்சியில் மறைக்கப்பட்டன.

பெல்லின் காலத்தில் ஒவ்வோர் அணியும் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்றதால், பெருநகர அணிகளே அதிகம் ஈட்டின. வீரர் தெரிவில் இவர் கொண்டுவந்த சமத்துவம் தொலைக்காட்சி வருமானத்தில் இவரது வாழ்நாளில் நிறைவேறவில்லை.

தொழிலாளர் உறவும் சட்டமும்

1957 பிப்ரவரி 25 அன்று, பெல்லின் 62ஆவது பிறந்தநாளில், அமெரிக்க உச்சநீதிமன்றம் வில்லியம் ரடோவிச் என்ற முன்னாள் வீரரின் வழக்கில் தீர்ப்பளித்தது. பேஸ்பால் ஆட்டத்துக்கு இருந்த சட்ட விலக்கு காற்பந்தாட்டத்துக்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பு. இதையடுத்து நாடாளுமன்றக் குழு முன் சாட்சியமளித்த பெல், உரிமையாளர்கள் பலர் விரும்பாதபோதும், அவ்வாண்டே வீரர் சங்கத்தை அங்கீகரிப்பதாக அறிவித்தார்.

மறைவு

1959 அக்டோபர் 11 அன்று பிலடெல்பியாவின் பிராங்க்ளின் அரங்கில் ஈகிள்ஸ் அணியும் ஸ்டீலர்ஸ் அணியும் மோதின. இரண்டும் பெல் ஒரு காலத்தில் உரிமை கொண்டிருந்த அணிகள். இவர் கல்லூரி நாட்களில் ஆடிய களமும் அதுவே. ஆணையருக்குரிய தனி இருக்கையை விரும்பாத பெல் வழக்கம்போல் பொதுமக்களுடன் அமர்ந்திருந்தார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். அப்போது அகவை 64.

பெல்லுக்குப் பின்

1960 ஜனவரியில் பீட் ரோசல் ஆணையரானார். 1961இல் இயற்றப்பட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், அணிகள் ஒன்றுசேர்ந்து உரிமையை விற்று வருமானத்தைச் சமமாகப் பகிர வழி செய்தது. ஒளிபரப்புத் தடை மட்டும் தொடர்ந்தது. 1967இல் லாஸ் ஏஞ்சலசில் நடந்த முதலாவது சூப்பர் பவுல் ஆட்டமும் அந்நகரில் காட்டப்படவில்லை. 1972 டிசம்பரில் வாஷிங்டன் அணியின் ஆட்டம் தலைநகரிலேயே மறைக்கப்பட்டதை அடுத்து நிக்சன் அரசு தலையிட முயன்றது. 1973இல், 72 மணிநேரத்துக்கு முன் சீட்டுகள் விற்றுத்தீர்ந்த ஆட்டத்தை மறைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டது. 1975இல் அச்சட்டம் காலாவதியான பின்னும் கூட்டமைப்பு அதே விதியைப் பின்பற்றியது.

1974இல் ஆட்டங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு மறைக்கப்பட்டன. 2013இல் இந்த எண்ணிக்கை இரண்டே ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. தொலைக்காட்சி வருமானம் நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பன்மடங்கு விஞ்சிவிட்டதால் தடைக்கான அடிப்படையே மறைந்துபோனது. 2014 செப்டம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தன் தடை விதிகளை நீக்கியது. 2015இல் கூட்டமைப்பும் தன் கொள்கையை நிறுத்தி வைத்தது.

சிறப்புகள்

1963இல் தொழில்முறைக் காற்பந்துப் புகழ்மன்றம் தொடங்கப்பட்டபோது முதல் தொகுதியிலேயே பெல் சேர்க்கப்பட்டார். இவர் நிறுவிய மேக்ஸ்வெல் காற்பந்துக் கழகம், சிறந்த தொழில்முறை வீரருக்கு 1959 முதல் பெர்ட் பெல் விருது வழங்கி வருகிறது. வீரர்களின் ஓய்வூதியத் திட்டம் ஒன்றுக்கும் பீட் ரோசலின் பெயருடன் இவரது பெயரும் சூட்டப்பட்டுள்ளது. மகன் அப்டன் பெல் 1970களின் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்தார்.